நாலு வரி

மூடியைத் திருகும்போதே, அவள் இருந்திருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த மைப்பேனாவை அவள் யாரையும் தொட விட்டதில்லை, கட்டியவன் உட்பட. அமுக்கி எழுதி நிப்பைக் கெடுத்துவிடுவானாம்.

அவளுடைய நினைவு அட்டையில் போட நாலு வரி வேண்டும். அச்சகத்தில் மாலைக்குள் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை எழுதினால்தான் சரியாக இருக்கும் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

மருமகன் இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது மாமனாருக்குள் முள்ளாகக் கிடந்தது. அது இவனுக்கும் தெரியும்.

நிப்பைத் தாளில் வைத்தான். கீறும் என்று நினைத்தான். வழுக்கிக்கொண்டு ஓடியது.

அமுக்க வேண்டியதே இல்லை. பேனாவின் கனமே எழுதியது. சுழிகளில் மை கொஞ்சம் தேங்கி, ஈரமாய் மின்னி, மெல்ல உள்ளே இறங்கியது. அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த சுழியைப் போட்டான்.

இத்தனை நாளாகச் சோறு மண்ணாக இருந்தது. தூக்கம் தூக்கமாக இல்லை. இப்போது விரல் நுனியில் என்னவோ இனித்தது.

பக்கம் நிறைந்தது. திருப்பினான்.

அறை வாசலில் மாமியார் வந்து நின்றது தெரிந்தும் கை நிற்கவில்லை. அவர் கூடத்தைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்.

"கல்லு மாதிரி இருக்கார்னு சொன்னீங்களே, வந்து பாருங்க. தலை நிமிராம எழுதுறார்."

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. அவன் சட்டென்று உள்ளங்கையால் தாளை மூடினான். காயாத மை கையில் அப்பிக்கொண்டது.

மாமனார் அவன் தோளைப் பிடித்தார்.

"நாலு வரில எப்படி அடங்கும் மாப்பிள்ளை? நீங்க பாட்டுக்கு எழுதுங்க. பெரிய அட்டையா போடச் சொல்லிடறேன்."

அவர்கள் போன பிறகுதான் கையை எடுத்தான்.

இரண்டு பக்கமும் அவன் பெயர். சின்னதாக, பெரிதாக, சாய்த்து, அடியில் கோடு இழுத்து, இழுக்காமல். புதுப் பேனா கிடைத்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, தன் பெயரை மட்டுமே எழுதியிருந்தான்.

கூடத்தில் மாமனார் அச்சகத்துக்குப் போன் போட்டு, பெரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முகம் சுட்டது. வேறு தாளை எடுத்தான். அவள் பெயரை எழுதத் தொடங்கினான். முதல் எழுத்து பாதியிலேயே வெளுத்தது. உதறினான். அதன் பிறகு வெறும் தடம்தான் விழுந்தது.

மேசையில் மைப்புட்டி கழுத்துவரை நிறைந்திருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, வாசலில் வண்டி காத்திருக்க, அவள் நிதானமாக உட்கார்ந்து பேனாவுக்கு மை ஊற்றினாள். நிப்பைத் துடைத்தாள். வந்து எழுதிக்கொள்கிறேன் என்று மூடியைத் திருகி வைத்துவிட்டுப் போனாள்.