டுக்கும் டுக்கும் கோஷ்டி

“மலையாண்டி அண்ணே, எங்க வீட்டுக்காரவுககிட்ட மூச்சு விட்டுறாதீக. அந்த டுக்கும் டுக்கும் கோஷ்டி பாட்டுல நல்லதாப் பொறுக்கி ஒரு பென் டிரைவுல ஏத்திக் குடுங்க,” என்றாள் சாலா, கடைக்குள் வந்து உட்காருவதற்கு முன்பே.

மலையாண்டி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு காலத்தில் கேசட் பதிந்து கொடுத்த கடை அது. பாட்டு லிஸ்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் மறுநாள் கேசட் ரெடி. இப்போது அதே கடையில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார். பாட்டு கேட்டு வருகிறவர்கள் வருஷத்துக்கு நாலு பேர் இருந்தால் பெரிசு.

“அறுபதாங் கல்யாணத்துக்கா ஆச்சி?”

“ஆமாண்ணே, வர்ற வெள்ளிக்கெழமை. போன வருஷம் நெஞ்சுல ஆபரேசன் பண்ணி, தெய்வம்தான் அவுகளைத் திருப்பிக் குடுத்துச்சு. புள்ளைக மோதிரம், வாட்சுன்னு வாங்கியிருக்குக. அவுகளுக்கு உசுரு எதுலன்னு எனக்குத்தானே தெரியும்? தப்பான பாட்டு மட்டும் வந்துறக் கூடாதுண்ணே.”

மலையாண்டி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஃபங்க் என்ற துள்ளல் இசை வாசிக்கும் அந்த அமெரிக்கக் குழுவின் பேரைச் சாலாவால் இன்றுவரை வாய் சுளுக்காமல் சொல்ல முடிந்ததில்லை. அவர்களுடைய சிறந்த பாட்டுகள் என்று இரண்டு தொகுப்பு இருந்தது. ஒன்றில் இருபது பாட்டு, இன்னொன்றில் பன்னிரண்டு.

“இருவதையே குடுங்க. எட்டுப் பாட்டு கூடக் கெடைக்குதுல்ல?”

“அய்யய்யோ, அது வேணாம் ஆச்சி!” மலையாண்டி பதறிவிட்டார். “எடம் பத்தாம ஒவ்வொரு பாட்டையும் பாதியில நறுக்கியிருக்கான். பேஸ் கிடார் தனியா வாசிக்கிற எடமே போச்சு. சோத்தைப் போட்டுட்டுக் கொழம்பு ஊத்தாம எலையை எடுத்த மாதிரி. பன்னெண்டுதான் முழுசு.”

“அதுல அந்தப் பாட்டு இருக்கா? பழைய கேசட்டுல மூணாவதா வருமே. அது வந்தா அவுக சத்தத்தைக் கூட்டி வச்சு, என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிப்பாக.”

“மொதல்ல தாளம் மட்டும் வந்து, அப்பறம் ஒரு ஆளு இருமுவானே, அதானே? இருக்கு.”

“பதிஞ்சு முப்பத்தஞ்சு வருசமாச்சு. இன்னுமா ஞாபகம் வச்சிருக்கீக!”

“தொழிலு ஆச்சி,” என்று மலையாண்டி கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார்.

சாலாவுக்கு மட்டும் மறந்துவிடுமா? அவள் கணவர் ஏகாம்பரம் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுவாரம். படிய வாரிய தலையும் பட்டை திருநீறுமாக வந்த அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வது என்று அவள் இழுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், மலையாண்டி கடையில் பதிந்த அந்தக் கேசட் அவரிடமிருந்து அவளுடைய அரிமளத்து வீட்டுக்கு வந்தது. டேப் ரிக்கார்டரைச் சுற்றி இருபது பேர். டுக்கும் டுக்கும் என்று ஆரம்பித்ததும், “அடி ஆத்தீ, மாப்பிள்ளைக்குப் பேய் புடிச்சிருக்கா?” என்று எழுந்துவிட்டார் அவள் அப்பா. சாலாவோ விழுந்து விழுந்து சிரித்தாள். திருநீற்றுக்குள்ளே இப்படி ஒரு ஆளா! அன்றைக்கே சரி என்றாள்.

“உண்மையச் சொல்றேண்ணே, எனக்கு அது தலைவலிதான். ஆனா அவுகளுக்காகத் தெனம் காப்பி போடையில நானே போட்டு விடுவேன். அவுக ஆஸ்பத்திரியில கெடந்த பதினோரு நாளு, அந்தச் சத்தம் இல்லாம வீடு வீடாவே இல்லை.”

மலையாண்டி அவளை ஒரு மாதிரி பார்த்தார். மேஜை டிராயரிலிருந்து ஒரு சிவப்பு பென் டிரைவை எடுத்துச் சொருகினார்.

“வெள்ளிக்கெழமை பந்திக்கு நீங்களும் வரணும்,” என்றாள் சாலா.

வெள்ளிக்கிழமை தாலி கட்டு முடிந்து, திருமயத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டில் முதல் பந்தி உட்கார்ந்தது. கணவரைத் தூணோரம் இழுத்துப் போய் பென் டிரைவை நீட்டினாள் சாலா. ஏகாம்பரம் அதைப் பார்த்துத் திகைத்து, தன் சட்டைப் பையிலிருந்து அதே மாதிரி ஒரு சிவப்பு பென் டிரைவை எடுத்தார்.

“நானும் ஒனக்குன்னு இதைத்தான் வாங்கி வச்சிருக்கேன். ஒன் கோஷ்டி பாட்டு.”

“என் கோஷ்டியா? ஒங்களுக்குப் புடிக்குமேன்னு நான் வாங்குனேன்! கேசட்டு அனுப்புனதே நீங்கதானே?”

“நான் அனுப்புனது முருகன் பாட்டு! ஒங்கப்பாவைக் கவுக்கலாம்னு. நீ அதை அழிச்சிட்டு ஒனக்குப் புடிச்சதைப் பதிஞ்சு வச்சிருக்கேன்னுல்ல நெனச்சேன்? ஒன் மொகத்துக்காகத்தான் முப்பத்தஞ்சு வருசமா இந்த எரைச்சலைச் சகிச்சேன் சாலா!”

அதற்குள் அவர்கள் மகன் ஒரு பென் டிரைவை வாங்கிப் போய் ஸ்பீக்கரில் சொருகிவிட்டான். டுக்கும் டுக்கும் என்று வீடே அதிர்ந்தது. பந்தியில் பாதிப்பேர் காதைப் பொத்தினார்கள். சாலா நிறுத்தச் சொல்ல ஓடினாள்.

“நிப்பாட்டிறாதீக ஆச்சி, இப்பத்தான் அவன் இரும வாரான்!”

கடைசி இலையில் மலையாண்டி. பாயசத்தை மறந்து, கண்ணை மூடி, இலையின் ஓரத்தைக் கட்டைவிரலால் மீட்டிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் எதிரே நின்றார்கள். அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை.

“எனக்குன்னு பதிஞ்சு வச்சிருந்த கேசட்டு ஆச்சி அது. ஒங்க கவர்ல மாறிப் போச்சு. மறுநாளு என் கேசட்டைப் போட்டா முருகன் பாட்டு வருது. பதறியடிச்சு, திருப்பி வாங்கலாம்னு அரிமளத்துக்கு பஸ் ஏறி வந்தேன். பொண்ணு சரின்னு சொல்லிருச்சுன்னு ஒங்க வீட்டு வாசல்ல எல்லாருக்கும் கல்கண்டு குடுத்துக்கிட்டு இருந்தாக. எனக்கும் ஒரு கை குடுத்தாக. வாங்கி வாயில போட்டுக்கிட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன்.”