மேல் தட்டு

வாசுவின் கை திரையை விட்டு வெளியே போய் மூன்று நிமிடங்கள் ஆகியிருந்தன.

பினாங்கின் கெலுகோரில், தம் வீட்டுச் சமையலறையில், லோகேஸ்வரன் சக்கர நாற்காலியில் இருந்தபடி, ஒரு டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணி வகுப்பு அது. நடமாட்டம் குறைந்துபோன முன்னாள் இராணுவத்தினர் ஐவருக்கு, எதைச் சமைக்க வேண்டும், எவ்வளவு உண்ண வேண்டும் என்று உணவியலாளர் ஷாஹிரா இணையவழியே கற்பித்தார். சட்டியைப் பார்க்காமல் சமையலைத் திருத்த முடியாது என்பது அவருடைய கொள்கை. ஆகவே திரையில் முகங்கள் இல்லை. ஐந்து அடுப்புகள், ஐந்து சட்டிகள், கரண்டி பிடித்த ஐந்து கைகள்.

மற்ற ஒழுங்கெல்லாம் லோகேஸ்வரனுடையது. ஒரு காலத்தில் மற்ற நால்வருக்கும் அவர்தான் சார்ஜன். வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொருவரும் தம் இராணுவ எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை மலாயில் சொல்லி, ‘ஹாடிர்’ என்று வருகையைத் தெரிவிக்க வேண்டும். அனுமதி கேளாமல் எவர் கையும் அடுப்பை விட்டு அகலக் கூடாது.

வாசு அனுமதி கேட்கவில்லை. கை மறைந்த சற்று நேரத்தில் ஏதோ விழுந்த ஓசை கேட்டது. பெயர் சொல்லி இருமுறை அழைத்தாயிற்று. பதில் இல்லை.

“தண்டாஸ் போயிருப்பான்லா, சார்ஜன். ஒண்ணுக்குப் போறதுக்கும் பெர்மிஷனா?” என்றார் நவமணி.

வாசு, சர்க்கரை நோய்க்கு இடக்கால் விரல்களைக் கொடுத்தவர். சுங்கை பினாங்கில் ஒன்பதாவது மாடியில் தனியாக இருந்தார். அவருக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்தது. ஐவரில் எவருக்குமே உப்பு ஆகாது. வாசுவுக்கு அறவே ஆகாது. அதனால்தான் மூன்று வாரங்களுக்கு முன் லோகேஸ்வரன் உத்தரவிட்டார்: உப்பு மேல் தட்டுக்குப் போய்விட வேண்டும், உட்கார்ந்திருப்பவன் கைக்கு எட்டக் கூடாது.

“சரி, சார்ஜன்,” என்று முதலில் சொன்னவர் வாசு. சொன்னதைச் செய்யாமல் விடுகிற ஆளும் அல்லர்.

இப்போது லோகேஸ்வரனின் மனத்தில் அந்த மேல் தட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஷாஹிரா, வாசுவின் கட்டத்தைத் திரை முழுதும் பெரிதாக்கினார். நீல நெருப்பு. அதன்மேல் பருப்பு. நீர் வற்ற வற்றக் குமிழிகள் கனத்து வெடித்தன. பக்கத்து வீட்டு இல்ஹாமிடம் மாற்றுச் சாவி இருக்கிறது, அவரை அழைக்கிறேன் என்று மலாயில் சொல்லிவிட்டு, ஷாஹிரா தம் ஒலியை அடைத்தார்.

லோகேஸ்வரன் வீட்டுத் தொலைபேசியை எடுத்து வாசுவின் வீட்டு எண்ணை அழுத்தினார். அந்த மணி வாசுவின் வீட்டுக்குள் எங்கோ ஒலிப்பது திரைவழியே அவருக்கே திரும்பி வந்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது.

கருகும் வாடை மூக்கில் ஏறியது.

அப்போது நெருப்பு ஒருமுறை துடித்தது. சுருங்கியது. அணைந்தது.

“கேஸ் முடிஞ்சிருக்கும்,” என்றார் நவமணி. இம்முறை அவர் குரலில் கேலி இல்லை.

முடிந்திருக்கலாம். ஆனால், எரிவாயு உருளை தரையில் நிற்பது. விழுந்து கிடப்பவன் கையை நீட்டினாலும் அதன் திருகு எட்டும்.

முப்பது ஆண்டுகளாகத் தேவைப்படாத அணிவகுப்புக் குரலை லோகேஸ்வரன் அடிவயிற்றிலிருந்து எடுத்து, வாசுவின் மூன்று இலக்கங்களைச் சொன்னார்.

“தீகா, சாத்து, தூஜோ.”

ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு, அடுப்புக்கும் கீழே, தரையோடு தரையாக, ஒரு குரல்.

“ஹாடிர், சார்ஜன்.”

ஐவரில் இன்னொருவரான ஸுல்கிஃப்லி இறைவனுக்கு நன்றி சொன்னார். நவமணி மூக்கை உறிஞ்சினார். லோகேஸ்வரன் நாற்காலிச் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் அதன் வரிகள் பதிந்திருந்தன.

வாசுவின் வீட்டுக் கதவு திறந்தது. இல்ஹாமின் குரல், நாற்காலி இழுபடும் ஓசை, வாசுவின் முனகல். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை, இருந்தாலும் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன் என்றார் இல்ஹாம்.

“மூச்சு அடைச்சிப் போச்சி, சார்ஜன். கூப்பிட்டது காதுல விழுந்துச்சி, வாயிதான் வரல.”

“என்னாடா எடுக்கப் போன?”

“மஞ்சத்தூளு.”

மஞ்சள்தூள் டப்பா அடுப்பை ஒட்டி, எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும்படி நின்றது. ஷாஹிரா, இன்று பருப்பைச் சரியான பதத்தில் நிறுத்தியவர் வாசு ஒருவர்தான் என்றார்.

“மாமா, இங்க என்னா கருகுது?” என்று கேட்டபடி மருமகள் பிரமிளா உள்ளே வந்து அடுப்பை அணைத்தாள்.

லோகேஸ்வரனின் சட்டி அடியோடு கறுத்திருந்தது.

அவர் முறைப்படி ஷாஹிராவிடம் அனுமதி கேட்டு, வகுப்பிலிருந்து விலகினார். கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குச் சாய்மானமாக நின்ற டின் இப்போது தனியாகத் தெரிந்தது. அதன் மூடி திறந்திருந்தது. பாதியளவு உப்பில் ஒரு கரண்டி செருகியிருந்தது.

மூன்று வாரங்களாக அது அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அவர் மூடியை அழுத்தி மூடினார்.

“இத மேல் தட்டுல வச்சிரும்மா.”

பிரமிளா எட்டி வைத்தாள்.

அடுத்த வியாழனுக்குள், கைப்பேசியைச் சாய்க்க வேறு ஏதாவது தேட வேண்டும்.