குறை தேடிப் படித்தவர்

வணிக நீதிமன்ற நீதிபதி அம்மா மாலையில் நடத்தும் தீர்ப்பு எழுதும் வகுப்பில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இளம் பெண் வக்கீல் ஒருத்திக்கு அன்று முன்வரிசையிலேயே கிடைத்தது. பக்கத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், ஓரமெல்லாம் நைந்த ஒரு தீர்ப்பு நகலோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் தம்பி கம்பெனித் தகராறு. மேடம் என்னமா எழுதியிருக்காங்க பாரும்மா!"

"சார் வக்கீலா?"

"இல்லம்மா. அந்த அண்ணனே நான்தான்."

"ஓ, ஜெயிச்ச சந்தோஷமா!" என்று சிரித்தாள்.

"தோத்தவன்மா. கம்பெனியே கைவிட்டுப் போச்சு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்பீல் போறதுக்குக் குறை தேடித்தான் இதைப் படிச்சேன். என் பக்க நியாயத்தை என் வக்கீலைவிட நல்லா எழுதியிருந்தாங்க. அப்புறம்தான் அது ஏன் நிக்காதுன்னு சொல்லியிருந்தாங்க. அப்பீலே போகலை."

"அப்போ இங்க எதுக்கு சார் வர்றீங்க?"

நீதிபதி உள்ளே வந்தார். எல்லோருக்கும் முந்தி எழுந்து நின்ற மீசைக்காரர், அவள் பக்கம் குனிந்து சொன்னார்:

"தம்பிக்கும் எனக்கும் பேச்சு நின்னுபோச்சும்மா. அவனுக்கு ஒரு லெட்டர் எழுதணும். முதல்ல அவன் பக்கத்தை எழுதக் கத்துக்கிட்டு இருக்கேன்."