எதிர்க் கச்சேரி

தென்காசிக் கோயில் கொடைத் திருவிழாவில், நாதஸ்வரத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வாசிக்க மோகன்ராஜின் புது மெல்லிசைக் குழுவை மதராஸிலிருந்து வரவழைத்திருந்தார் மிராசுதார் நாறும்பூநாதன். கூட்டம் ரசித்தால் குற்றாலத்தில் சீசன் முழுக்கக் கச்சேரி என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

மேடையேறினால் பந்தலில் ஈ காக்கை இல்லை.

வேகமாகப் போய்க்கொண்டிருந்த ஒருவரை மோகன்ராஜ் நிறுத்தினான். "ஜனங்க எல்லாம் எங்கே?"

"எல்லாரும் துட்டிக்குல்லா போயிருக்காவ! நீங்களும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றபடி அவர் ஓடினார்.

"துட்டியாம்! பேரைப் பாரு. இந்தப் பட்டிக்காட்டுக்கு ஏத்த பாட்டுக்காரன்" என்று கிடார்காரனிடம் இளித்தான் மோகன்ராஜ். "அவன் பாட்டை நான் போய்க் கேட்கணுமாம்!"

ஊரெல்லாம் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. மைக்கைப் பிடித்தான்.

"துட்டி அவர்களே! தைரியமிருந்தால் எழுந்து இங்கே வாருங்கள். யார் பாட்டு பெரிசென்று பார்த்துவிடலாம்!"

சற்று நேரத்தில் பந்தல் நிறைந்தது. மோகன்ராஜ் பெருமையோடு கும்பிட்டான். வந்தவர்களில் ஒருவரும் உட்காரவில்லை.

"ஏலே, எங்க ஊர்ல துட்டின்னா எழவு" என்றார் முன்னால் நின்றவர். "ஒன்னைய வரச்சொன்ன மிராசுதாரு அண்ணாச்சிதாம்லே செத்துக் கெடக்காவ. அவுக எந்திச்சு வரணுமோ?"