மார்பளவு

புது விமான நிலையத்துக்குப் வரைபடம் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்கெடுப்பு இயந்திரம் வீடு வீடாக வந்து கேட்டது: "ஐயா, பழைய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது?"

வந்தது என்றால் ஏரிப் புறம்போக்கு என்று எழுதி எங்களைக் காலி பண்ணிவிடுவார்கள். அப்படித் துரத்தினதைப் பார்த்தவன் நான். "எங்க தெருவுக்குத் தண்ணியே வராது" என்றேன். தெருவில் மூத்தவன் என்று அது என்னை நம்பியது. என் பேச்சை நம்பித்தான் என் தம்பி மகள் தெய்வானையும் அப்புறம் எதிர்வீட்டை வாங்கினாள்.

இன்று மழை. ஓடுபாதை தானாக மேலெழும்பித் தன் தண்ணீரையெல்லாம் எங்கள் தெருவுக்குத் தள்ளிவிட்டது. விமானங்கள் சுகமாக இறங்குகின்றன. நாங்கள் என் மொட்டைமாடியில் நிற்கிறோம். தெய்வானையின் தையல் மெஷின் கீழே முழுகிக் கிடக்கிறது.

அவள் போனில் அதே இயந்திரம் கேட்டது: "உங்கள் தெரு தண்ணீரின் பழைய வழியா? ஆமென்றால் வடிகாலை வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன்."

"வந்ததே இல்லன்னு எங்க பெரியப்பா அன்னிக்கே சொன்னாரே! அவரு என்ன பொய் சொல்ற ஆளா?" என்று சண்டைக்குப் போனவள், போனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க பெரியப்பா."

வாங்கினேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. திரும்பி நின்றுதான் சொன்னேன்.

"மார்பளவு வந்துது."