பாறை சரியில்லை

“உள்ளே விடமாட்டேன்” என்று வாசலிலேயே கையை நீட்டி மறித்துக்கொண்டாள் மகள்.

வெளியே நின்ற பெரியவருக்கு மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

“அப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டேம்மா. ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடறேன்.”

“இன்னும் உயிர் இருக்கான்னு பார்க்க வந்தீங்களா?”

அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அது அவள் எரிச்சலைக் கூட்டியது.

தான் யாரென்று அவர் சொன்ன அந்த நிமிஷமே அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் அவருக்குப் பெயர் ‘அந்த இன்ஜினியர்’. பால் பொங்கி வழிந்தால்கூட அம்மா அவரைத்தான் திட்டுவாள்.

அப்பா ஒரு காலத்தில் பேர் பெற்ற சிற்பி. ஊருக்கு வெளியே இருந்த குன்றின் ஒரு பக்கம் முழுவதையும் செதுக்கி, ஒரு கூலியாள் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவதுபோல் சிலை செய்ய நினைத்தார். அதன் முழங்கையில் குழந்தைகள் ஏறி விளையாடலாம். உள்ளங்கையில் மழைத்தண்ணீர் தேங்கும்.

“ராஜாவும் மந்திரியும் ஊர் முழுக்க நின்னுக்கிட்டே இருக்காங்க. வேலை செஞ்சவன் ஒருத்தனாவது படுக்கட்டுமே” என்பார்.

அரசாங்கம் ஒப்புக்கொண்டது. பத்திரிகைகள் அப்பாவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. கடைசி நேரத்தில் இந்த இன்ஜினியர், ‘பாறை சரியில்லை, விரிசல் விடும்’ என்று அறிக்கை கொடுத்தார். எல்லாம் ஊத்தி மூடிக்கொண்டது. கொண்டாடியவர்கள் அப்பாவையும் சேர்த்து மறந்துவிட்டார்கள்.

“அதுக்கப்புறம் அவர் என்ன வேலை பார்த்தார்னு தெரியுமா? ஜவுளிக்கடை பொம்மைக்கு உடைஞ்ச விரலை ஒட்டிக்கிட்டு இருந்தார். மலையைச் செதுக்க வேண்டிய கை.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா வந்து நிக்கறீங்க? எங்கம்மா சாகற அன்னிக்குக்கூட உங்களைத்தான் சபிச்சாங்க. பாறை சரியில்லையாம். பாறையா சரியில்லை? உங்க மனசு சரியில்லை. ஒருத்தன் பேர் வாங்கிடுவானேங்கிற வயித்தெரிச்சல்.”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவள் குரலைக் குறைக்கவில்லை. நாலு பேர் கேட்கட்டும்.

“உன் கோபம் நியாயம்தாம்மா. அப்பாவைப் பார்த்துக்கோ.”

பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்.

கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே வந்தாள். கட்டிலில் அப்பா எழுந்து உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரை விரட்டினே?”

“அந்த இன்ஜினியரைத்தான். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு அனுப்பினேன். அம்மா இருந்தா மனசு குளிர்ந்திருக்கும்.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“பாறை நல்ல பாறைதான்.”

“அதைத்தானே நானும் சொல்றேன். பொய் அறிக்கை கொடுத்த ஆளு.”

“கொடுக்கச் சொன்னதே நான்தான்.”

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குன்றைப் பார்க்கப் போனேன். அடிவாரத்துல கல் உடைக்கிறவங்க குடிசைங்க. கதவுக்குக் கதவு சிவப்பு பெயின்ட்ல பெருக்கல் குறி. என் சிலைக்கு இடம் வேணும்னு அத்தனையும் இடிக்கப் போறாங்களாம். கல்லுல ஒரு கூலியாளைத் தூங்க வைக்கறதுக்கு, நிஜக் கூலியாளுங்களை எழுப்பித் துரத்தறதா?”

“நீங்க முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே.”

“நான் ஒதுங்கினா வேற ஆளை வெச்சு செஞ்சிருப்பாங்க. பாறையே ஆகாதுன்னு சொன்னாத்தான் திட்டம் நிக்கும். அவர்கிட்ட போய்க் கெஞ்சினேன். மாட்டினா வேலை போயிடும்னு தெரிஞ்சும் எழுதிக் கொடுத்தார்.”

அவளுடைய கோபம் சட்டென்று திசை திரும்பியது.

“அம்மா காலம் பூரா அந்த மனுஷனைக் கரிச்சுக் கொட்டினாங்களே. பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? உண்மையைச் சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?”

“வரலை. அந்தச் சிலை மேல உங்கம்மா என்னைவிட ஆசை வெச்சிருந்தா. அதை நானே கெடுத்தேன்னு தெரிஞ்சா என்னை விட்டே போயிடுவாளோன்னு பயம். அதையும் அவர்கிட்டதான் போய்ச் சொல்லி அழுதேன்.”

“அதுக்கு அவர் என்ன சொன்னார்?”

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“‘உங்க வீட்டுல யாரையாவது திட்டித்தான் தீரணும்னா, அது நானாவே இருந்துட்டுப் போறேன் சார். நீங்க குடும்பத்தோட நிம்மதியா இருங்க’ன்னார்.”