பதினொன்றுக்குப் பன்னிரண்டு

ஹட்டனில் எங்கள் மருந்தாளர் வகுப்பின் கம்ப்யூட்டர் பரீட்சையில் பதினொரு நோயாளிகள் வருவார்கள். ஹெட்செட்டை மாட்டினால் ஒரு மருந்துக்கடை தெரியும். அவர்கள் ஒவ்வொருவராகக் கவுண்டருக்கு வந்து ஆங்கிலத்தில் பேசுவார்கள். அந்த ஆங்கிலத்தால் நான் இரண்டு தடவை பெயில். இது கடைசித் தடவை.

அன்று பதினொரு பேரும் போன பிறகு, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய, தேயிலைக் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் வெறுங்காலோடு வந்து நின்றார். அந்த மெஷினுக்குத் தமிழ் தெரியாது. அவர் தமிழில்தான் பேசினார்.

“கால்ல அட்டை கடிச்சிருச்சும்மா. மூணு நாளா ரத்தம் நிக்கல.”

“என்னென்ன மாத்திரை போடுறீங்க?”

“ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பத்திரில குடுத்தது. அப்புறம் முட்டி வலிக்கு, பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா அவங்களோடத குடுத்தாங்க.”

இரண்டும் சேரவே கூடாது; சேர்ந்தால் ரத்தம் நிற்காது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“அக்கா குடுத்தத இனிமே தொடாதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயி, ரெண்டு மாத்திரையையும் காட்டி, ரத்தம் சோதிக்கச் சொல்லுங்க.”

தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

ஹெட்செட்டைக் கழற்றினேன். எங்கள் வகுப்பு ஆசிரியர் பத்திநாதன் சேர் திரையில் என் புள்ளியைப் பார்த்தபடி நின்றார். பதினொன்றுக்குப் பன்னிரண்டு.

“நான் பதினொரு பேரத்தானே போட்டேன்,” என்றார். பிறகு சத்தமாக, “மெரினா பாஸ். வகுப்புலயே முதலாவது.”

எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.

என் மேசையிலிருந்து கதவு வரை ஈரமான காலடிகள் போயிருந்தன. முதல் மூன்றில் ரத்தம் இருந்தது. மற்றவற்றில் இல்லை.